பத்து அறை, பத்து சண்டை: சாகசப் புத்தகம் வாங்கும் முன்

தர்மபுரியில் வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். பேசத் தயங்கும் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்து டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் நடத்துவதும் என் வேலைதான். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி முடிவெடுப்பார்கள். இதற்கென்றே அச்சிட்ட சாகசப் புத்தகங்கள் இருக்கின்றன. வாங்கி நடத்த நினைக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும், அட்டைப் படத்தை விட்டுவிட்டு, வழியில் பிள்ளைகளுக்கு என்னென்ன எதிர்ப்படுகிறது என்று முதலில் புரட்டிப் பாருங்கள்.

பல புத்தகங்களில் ஒரு கதவைத் திறந்தால் ஓநாய், அடுத்த கதவில் எலும்புக்கூடு, அதற்கடுத்து பூதம். பெயர்தான் வேறு வேறு, எல்லா அறையிலும் பிள்ளைகள் செய்வது அடிதடி. ஐந்து பேர் மேசையில் ஒரு பெரிய சண்டை ஒரு மணி நேரத்தை எளிதில் விழுங்கிவிடும். அதில் ஒவ்வொருவருக்கும் முறை வருவது சில நிமிடங்கள்தான். எந்த ஆயுதத்தை எப்போது எடுப்பது என்று கணக்குப் போடும் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். பேச்சில் கெட்டிக்காரியும், வரைபடத்தை உற்றுப் பார்ப்பவனும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

1974-ல் வெளியான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. அதன் 2014 பதிப்பின் கையேடு தேடி அலைவது, பழகிப் பேசுவது, சண்டை மூன்றையும் சாகசத்தின் தூண்கள் என்கிறது. ஆனால் விதிகளில் பெரும்பங்கு சண்டைக்கே போய்விட்டது. 1981-ல் வந்த எளிய பதிப்பில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: எதிரே வருவது என்ன மனநிலையில் இருக்கிறது என்று இரண்டு பகடை உருட்டிப் பார்ப்பார்கள். 2 விழுந்தால் உடனே பாயும், 12 விழுந்தால் நட்புக் கரம் நீட்டும். நான் இன்றும் இதைப் பயன்படுத்துகிறேன்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால், அதே ஆட்டத்தின் 2014 தொடக்கப் பெட்டியில் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' என்ற சாகசப் புத்தகம். முதல் குகையிலேயே யீமிக் என்ற குட்டிப் பூதம் ஒரு கைதியை மேட்டு விளிம்பில் நிறுத்தி, "சமாதானம், இல்லையென்றால் இவன் செத்தான்" என்கிறது. தன் தலைவனைக் கொன்றால் கைதியை விடுவதாகப் பேரம் பேசுகிறது. என் மேசையில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மொதல்ல அவர கீழ எறக்கு, அப்புறம் பேசலாம்" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் பகடையைக் கீழே வைத்துவிட்டான். சண்டை, பேரம், தந்திரம் மூன்றுக்கும் அந்த அறையில் வழி இருந்தது. ஒரு சந்திப்பு நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர்; அந்த நம் தகடூர்க் கதையே இதற்கு முன்னுதாரணம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளப்பதாகவும், அதியமானுடையவை குத்தி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகவும் சொல்கிறாள். போரில் பழகிய கை யாருடையது என்று அவன் புரிந்துகொள்ள வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஒரு தூதுக் காட்சி கொடுத்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்.

கையில் இருப்பது சண்டைப் புத்தகம்தானா? தூக்கிப் போட வேண்டாம். எதிரிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்: பசி, பயம், காணாமல் போன குட்டி. சில சண்டைகளை அப்படியே விடுங்கள், அதுவும் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆற்றைக் கடக்கும்போது கொள்ளையர் பாயும் ஒரு கட்டத்தை நான் ஒகேனக்கல்லாக மாற்றினேன். நீர்வரத்து கூடிவிட்டது, பரிசலுக்குத் தடை, அக்கரைக்கு மருந்து போயாக வேண்டும், பரிசல்காரர் மாட்டேன் என்கிறார். வில்லன் யாருமே இல்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் பரிசல்காரர் பக்கம், மீதிப் பேர் மருந்துப் பக்கம். அன்று பகடை உருண்டது ஒரே ஒரு தடவை.