பதிவு ஃபார்மில் விழும் இமெயில் யாருடையது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்பவர், ஏற்காட்டில் எஸ்டேட் காபித்தூள் விற்பவர், ஹோம்ஸ்டே நடத்துபவர் என்று யாருக்கு இணையதளம் செய்து கொடுத்தாலும் கடைசியில் ஒன்று கேட்பார்கள். "புது சரக்கு வந்தா, சீசன் ஆஃபர் போட்டா வாடிக்கையாளருக்கு மெயில் போகணும். இமெயில் வாங்கி வைக்க ஒரு ஃபார்ம் வெச்சுடுங்க." பெரும்பாலும் அந்த வேலை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் போகும். ஒரு பெட்டி, ஒரு பொத்தான், பின்னால் டேட்டாபேஸ் டேபிளில் ஒரு வரி சேர்க்கும் ஸ்கிரிப்ட். மதியத்துக்குள் முடிந்துவிடும், சோதித்தால் ஓடவும் ஓடும். யார் யாருடைய முகவரியைப் போட்டாலும் ஓடும் என்பதுதான் வம்பு.

பெட்டியில் முகவரியைத் தட்டியவரும் அந்த முகவரிக்கு உரியவரும் ஒரே ஆள் என்று ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? ஓர் எழுத்துப் பிசகினால் மெயில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். வேண்டாதவர் பெயரைக் குறும்புக்காகப் போடுபவர்களும் உண்டு. இவற்றைவிட மோசமானது பாட், அதாவது தானாக ஓடும் நிரல், செய்யும் வேலை. ஒருவருடைய முகவரியை ஆயிரக்கணக்கான ஃபார்ம்களில் தானாகவே நிரப்பி, அவருடைய இன்பாக்ஸை நிறைத்துவிடுவார்கள். அவர் கணக்கில் யாரோ பணம் எடுத்த எச்சரிக்கை மெயில் அந்தக் குப்பைக்குள் கண்ணில் படாமல் போக வேண்டும், அதற்காகத்தான். அந்த ஆயிரத்தில் நம் கொலுசுக் கடை ஃபார்மும் ஒன்று.

சம்பந்தமில்லாதவருக்கு மெயில் போனால் அவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் மெயிலில் மூன்று பேர் அழுத்தினாலே எல்லையைத் தொட்டாயிற்று. அப்புறம் அதே டொமைனிலிருந்து போகும் ஆர்டர் ரசீதும் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும்கூட ஸ்பேமில் போய் விழ ஆரம்பிக்கும். கடைக்காரர் இதற்குப் பிறகுதான் நம்மைக் கூப்பிடுவார்.

அதனால் 'பதிந்தது நீங்கள்தானா?' என்று அந்த முகவரிக்கே கேட்டு உறுதிப்படுத்தும் மெயில் இல்லாத பதிவு ஃபார்மை நான் செய்து கொடுப்பதில்லை. ஓமலூர் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, பேரு குடுத்தவங்ககிட்டயே மறுபடியும் மெயில் அனுப்பிக் கேக்கணுமா? பாதிப் பேர் விட்டுட்டுப் போயிருவாங்களே?" "குடுத்தது அவங்கதான்னு யாருங்கண்ணா பார்த்தா?" என்றேன். பாதிப் பேர் கழன்றுகொண்டாலும் பரவாயில்லை, மிஞ்சுபவர்கள்தான் வாங்குபவர்கள்.

செய்யும் விதத்தில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. முகவரியை முதலில் 'காத்திருப்பு' நிலையில் மட்டும் சேர்க்க வேண்டும். மெயிலில் போகும் லிங்கில் ஊகிக்க முடியாத டோக்கன், அதாவது ஒரு ரகசியக் குறியீடு, இருக்க வேண்டும். டேபிளின் வரிசை எண்ணையோ இமெயிலையே எம்டி5 என்ற பொதுச் சூத்திரத்தில் போட்டு எடுத்த குறியையோ வைத்தால் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுவிடலாம். பிஎச்பி மொழியில் இதற்கென்றே ரேண்டம் பைட்ஸ் ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டு நாளில் டோக்கன் காலாவதியாகட்டும், உறுதி செய்யாத முகவரியும் அழியட்டும்.

லிங்க் திறந்ததுமே 'உறுதி ஆயிற்று' என்று எழுதிவிடாதீர்கள். பல நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள், உள்ளே வரும் லிங்கை எல்லாம் ஆளுக்கு முன்னால் தானே திறந்து பார்க்கும். அது திறந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் செய்த வேலை அத்தனையும் வீண். லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அங்கே உள்ள பொத்தானை மனிதர் அழுத்தட்டும்.

உறுதிப்படுத்தும் மெயிலில் "வணக்கம்" என்று போட்டு, பெயர்ப் பெட்டியில் வந்ததை அப்படியே சேர்ப்பதும் ஆபத்து. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எவனாவது சூதாட்ட விளம்பரமும் ஒரு லிங்கும் போட்டு, ஊரார் முகவரியைக் கொடுத்துவிடுவான். நம் கடையின் பெயரில், நம் சர்வரிலிருந்து, அவனுடைய விளம்பரம் போகும்!

பெயரே எதற்கு என்பது என் கட்சி. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே பெட்டி போதும். 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று வைத்தால் நம் ஊர்க்காரர் இனிஷியலைப் போடுவார், இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று ஃபார்ம் மறுக்கும். தமிழில் எழுதினால் இன்னொரு தகராறு. 'முத்து' கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஆறு குறிகள். அதில் ம, த, த மூன்றும்தான் 'எழுத்து' வகை. இரண்டு உகரக் குறிகளும் ஒரு புள்ளியும் 'மார்க்' என்ற தனி வகை. எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் ரெகெக்ஸ் (எந்த எழுத்துகள் வரலாம் என்று சரிபார்க்கும் விதி) முத்துவை உள்ளே விடாது. மார்க் வகையையும் சேர்த்து அனுமதியுங்கள்.

பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் செய்யும் சரிபார்ப்பு தட்டுபவரின் வசதிக்குத்தான். பாட் பிரவுசரையே தொடாமல் நேராக சர்வருக்கு அனுப்பும், அதனால் எல்லாச் சரிபார்ப்பும் அங்கே மறுபடி நடக்க வேண்டும். ஏற்காடு போகும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு சிக்னல் விட்டு விட்டு வரும், ஆள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவார். டேபிளில் இமெயில் இருக்கும் பத்திக்கு (column) யூனிக் இண்டெக்ஸ் போட்டால் ஒரே ஆள் இரண்டு தடவை சேரமாட்டார். ஏற்கெனவே இருக்கிற முகவரி என்றாலும் திரையில் அதே பதில்தான் வர வேண்டும்: "மெயிலைப் பாருங்கள்." இல்லாவிட்டால் யார் யார் நம் வாடிக்கையாளர் என்று வெளியாள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் என்பது அந்த ஆள் தெளிவாகச் செய்த செயலாக இருக்க வேண்டும். நாமே டிக் அடித்து வைத்த கட்டம் செல்லாது. எதற்கு வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம், பழைய ஃபார்மைத் திருத்த இதுதான் நேரம்.

சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விலகுவதற்கு லாகின் கேட்காதீர்கள். விலகியவரின் முகவரியைச் சுத்தமாக அழித்துவிட்டாலும் தொல்லைதான். தீபாவளிக்கு யாராவது பழைய எக்செல் ஷீட்டைத் தூக்கி ஏற்றுவார்கள், அவர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். அவருடைய முகவரியின் ஹேஷை, அதாவது முகவரியிலிருந்து கணக்கிட்டு எடுத்த அடையாளக் குறியை, மட்டும் தனி டேபிளில் வையுங்கள். எக்செல்லை ஏற்றும் ஸ்கிரிப்டும் அந்த டேபிளைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.