ஊசிக்கும் பசியாறலுக்கும் இடையே அரை மணி நேரம்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வுபெற்ற அவருடைய அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. அரசு மருந்தகத்தில் தரும், பால்போல் கலங்கிய இன்சுலினைக் காலையில் வயிற்றில் போட்டுக்கொண்டு, ஊசியை வைத்த கையோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறுகிறார். இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் இரத்தத்தில் சீனி லிட்டருக்கு 14 மில்லிமோல். பதினொரு மணிக்கு வீட்டோரம் புல் வெட்டும்போது கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்து, அளந்தால் 3.6. மருந்து குறைவா, கூடுதலா என்பது அவர் கேள்வி.

அளவைப் பற்றி அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அளவு சரியாகவே இருந்தாலும், நேரம் தவறினால் இந்த இரண்டு எண்களும் ஒரே காலையில் வரக்கூடும்.

சீனி லிட்டருக்கு 5 மில்லிமோலாக இருக்கும்போது, நம் உடலின் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் நாலரை கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. தே தாரிக்கில் ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் சீனி உண்டு. ரொட்டியின் மாவு தனி. நலமான கணையம் அது வந்து சேரச்சேர இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். ஊசி மருந்துக்கு அந்த வேகம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத செய்தி.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். அது இரண்டிரண்டாகச் சேரும் இயல்புடையது. துத்தநாகம் கிடைத்தால் மூன்று இணைகள் கூடி, நடுவில் இரண்டு துத்தநாக அயனிகளை வைத்து, ஆறாகக் கட்டிக்கொள்ளும். கணையமும் அதை இப்படி ஆறாறாகத்தான் சேமித்து வைக்கிறது. ஆனால் அங்கிருந்து நேரே இரத்தத்தில் விழுவதால் கட்டு உடனே அவிழ்ந்துவிடும். ஊசியில் போவதோ தோலடிக் கொழுப்பில் சிறு குட்டையாகத் தேங்கி நிற்கிறது. ஆறும் சேர்ந்த உருவம் இரத்த நுண்குழாயின் சுவரை எளிதில் கடக்க முடியாத அளவுக்குப் பெரியது. சுற்றியுள்ள திசுநீர் அதை மெல்ல நீர்க்கச் செய்து, துத்தநாகம் விலகி, ஆறு இரண்டாகி, இரண்டு ஒன்றானால்தான் வழி திறக்கும். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூட்டமாக வந்து நின்றவர்கள் பிரிந்து, ஆளுக்கொரு நிரையில் நடந்த பிறகே அன்றைய வேலை தொடங்கும் அல்லவா, அதுபோல. இந்தப் பிரிவுக்குத்தான் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. உச்ச வேலை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள். ரொட்டியும் தேநீரும் கொண்டுவரும் சீனியோ ஒரு மணி நேரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிடுகிறது.

இதுவரை சொன்னது தெளிந்த இன்சுலினைப் பற்றி. அப்பா போடுவதுபோன்ற கலங்கிய மருந்து பெரும்பாலும் அதோடு மெல்லக் கரையும் இன்னொரு வகையையும் சேர்த்த கலவை. கலங்கலுக்குக் காரணம் அந்த இன்னொரு வகை. மீனின் விந்தணுவில் கிடைக்கும் புரோட்டமின் என்னும் புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்துப் படிகமாக்கும் முறை 1946இல் டென்மார்க்கில் உருவானது. அப்படிகங்கள் பல மணி நேரம் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். சும்மா வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். ஆகவே, ஊசிப் பேனாவை உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டி, மேலும் கீழுமாகச் சாய்த்து, முழுதும் ஒரே வெண்மையான பிறகே போட வேண்டும். உருட்டாமல் போட்டால் ஒரு நாள் மருந்து ஏறும், ஒரு நாள் இறங்கும். பதினொரு மணிக்குத் தெளிந்த பகுதி இன்னும் ஓயவில்லை, கலங்கல் பகுதி எழுந்துவிட்டது. அதோடு, உழைக்கும் தசை இன்சுலினின் துணையில்லாமலேயே குளுக்கோஸை உள்ளிழுக்கும். புல் வெட்டியது மூன்றாவது கை.

பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ் கதிரால் முதலில் படமெடுத்தது 1935இல். ஆறின் உருவம் துலங்கியது 1969இல். 34 ஆண்டுகள்! மூலக்கூறுகள் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்று தெரிந்ததால்தான், அங்கே அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றிப் பிடியைத் தளர்த்திய லிஸ்புரோ இன்சுலின் 1996இல் விற்பனைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு உடனே சாப்பிடலாம். அடுத்த ஆண்டே பலன் எங்கே என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது பெரும் தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஊசிக்குப் போனால் காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நம் தோட்டங்களில் இன்னும் நம்புகிறவர்களைப் பார்க்கும்போதும் இதே வேதனைதான். காலைக் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நின்ற சீனி. ஊசி அதை இறக்க வந்தது.

வாசகிக்கு: அப்பா பயன்படுத்துவது அரை மணி காத்திருக்க வேண்டிய வகைதானா என்று முதலில் மருந்தாளரிடம் கேளுங்கள். ஆம் என்றால், அளந்து, ஊசி போட்டு, அதன்பிறகு ரொட்டிக்குச் சொல்லி அனுப்புங்கள். அரை மணி ஒரு மணியாக நீளக் கூடாது. ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் இடத்தை மாற்றுங்கள், அங்கே மருந்து ஒழுங்காக ஏறாது. புல் வெட்டப் போகுமுன் ஒருமுறை அளக்கட்டும். எந்த நேரத்திலும் 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஒரு வாரத்து எண்களை, ஊசி போட்ட மணியோடும் சாப்பிட்ட மணியோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.