காலியாக வரும்போது மட்டும் அலையும் பிக்அப்

போன ஆடியில் ஒரு பிக்அப் பட்டறைக்கு வந்தது. 12 வருஷத்து வண்டி. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் ஏற்றி, பாலக்காட்டில் இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் அதற்குப் பிழைப்பு. ஓட்டுபவரே ஓனர். "நேரா போக மாட்டேங்குதுண்ணே, அலையுது" என்றார். அதுவரை பார்த்த வைத்தியத்தையும் ஒப்பித்தார்: டை ராடு எண்டு (ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் ராடின் முனை ஜாயின்ட்) புதுசு, அலைன்மென்ட் மூன்று தடவை, ஸ்டீரிங் பாக்ஸும் ஓரிடத்தில் டைட் வைத்தாயிற்று. "உடுமலைப் பக்கம் காத்து வேற. அதான் தள்ளுதோ என்னமோ" என்று ஒரு சமாதானமும் கையோடு வைத்திருந்தார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "லோடோட போறப்பவா, காலியா வர்றப்பவா?"

கொஞ்சம் யோசித்தார். "காலியா வர்றப்பத்தாண்ணே."

அவருடைய வண்டிக்குக் கீழே நான் போவதற்கு முன்னால், இழுப்பது வேறு, அலைவது வேறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எப்போதும் ஒரே பக்கமாகப் போனால் அது இழுப்பு. ஒரு டயரில் காற்று குறைந்திருக்கும், அல்லது ஒரு பக்க பிரேக் விடாமல் பிடித்திருக்கும். அலைச்சலுக்குப் பக்கமே கிடையாது. இடது பக்கம் நழுவும், திருத்தினால் வலது பக்கம் நழுவும். நேர் ரோட்டிலும் கை சும்மா இருக்காது. 100 கிலோமீட்டர் ஓட்டினால் தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு வண்டிதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

டயரை முதலில் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை. காற்று அளவு, தேய்மானம், முன்பக்கம் ஒன்று ரேடியல் ஒன்று நைலான் என்று கலந்து மாட்டியிருக்கிறதா என்பது. அப்புறம் ஒரு ஆளை ஸ்டீரிங்கில் உட்காரவைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். பவர் ஸ்டீரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். நீங்கள் கீழே ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் கை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். அடுத்தது ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லூசு தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். போகாவிட்டால், சக்கரம் திரும்புவதற்கான மூட்டு, அதாவது பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் புஷ். இதெல்லாம் லூசாக இருக்கும்போது அலைன்மென்ட் பண்ணுவது ஆடுகிற ஏணியில் நின்று ஆணி அடிப்பது மாதிரி.

இந்த வண்டியில் ஜாயின்ட் எதிலும் குறையில்லை. புதுசாயிற்றே. ஆனால் ஸ்டீரிங்கைச் சுற்றியபோது, சரியாக நடுவில் ஒரு இறுக்கம். பாக்ஸின் மேல் இருக்கும் ஸ்குரூவைத் திருகினால் ஆட்டம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் முதலில் கை அங்கே போகிறது. பாக்ஸுக்குள் இருக்கும் பல், நேராக ஓடும் நிலையில்தான் மிக நெருக்கமாகக் கடிக்கும்படி செய்யப்பட்டிருக்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. டிரைவர் ஒவ்வொரு முறையும் கையால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், கொஞ்சம் தாண்டிப் போய்விடும், மறுபடி திருத்த வேண்டும். அலைச்சலைக் குறைக்கச் செய்த வேலையே அலைச்சலைக் கூட்டிவிடும். பல்லும் சீக்கிரம் போய்விடும். முன்பக்கத்தைத் தூக்கி, பாக்ஸிலிருந்து போகும் ராடைக் கழற்றி, ஸ்டீரிங்கை நடுவில் வைத்துத்தான் அந்த ஸ்குரூவைத் தொட வேண்டும். அப்படித்தான் தளர்த்தி வைத்தேன்.

அதனால் பாதிதான் சரியானது. மீதி பாதி பின்னால் இருந்தது.

பின்பக்கப் பட்டையை, அதாவது லோடைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு எக்ஸ்ட்ரா பட்டை. லோடு கூட ஏற்ற வேண்டும் என்று நம் ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். அதே மாடல் இன்னொரு வண்டி பட்டறையில் நின்றது. இரண்டையும் காலியாக நிறுத்தி டேப் வைத்தால், இவர் வண்டியின் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் கூடுதல் உயரம். சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். வண்டியிலும் அதே சாய்வு உண்டு, கேஸ்டர் என்போம். பின்பக்கம் தூக்கினால் வண்டி மூக்கைக் குனிகிறது, கேஸ்டர் குறைகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இடைவெளி என்றால், 5 சென்டிமீட்டர் உயர்வுக்குக் கிட்டத்தட்ட 1 டிகிரி போய்விடும். மொத்தமே சில டிகிரிதான் இருக்கும் இடத்தில் அது பெரிய நஷ்டம். லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் காய் இருக்கும்போது ஒழுங்காகப் போன வண்டி, காலியாக ஆடிக்காற்றில் திரும்பும்போது குடிகாரன் மாதிரி வந்தது.

மூன்று அலைன்மென்ட்டிலும் இது ஏன் தெரியவில்லை? தெரிந்திருக்கிறது. அவர் வைத்திருந்த அலைன்மென்ட் பிரின்ட்டில் கேஸ்டர் சிவப்பில்தான் இருந்தது. டோ, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவை மட்டும் திருகிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள், வாங்கினால் முழுசாகப் படியுங்கள். முன்பக்கமும் பட்டை உள்ள வண்டியில், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கேஸ்டருக்காக ஓர் ஆப்பு வைத்திருப்பார்கள். பட்டை வேலை பார்த்தவர் அதைத் திருப்பி மாட்டிவிட்ட வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

பட்டையில் கை வைத்த வண்டிக்கு இன்னொரு சோதனை: இரண்டு பக்கமும் பட்டையின் முன் கண்ணிலிருந்து ஆக்சில் வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால், பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் போயிருக்கலாம், பட்டையை ஆக்சிலோடு கட்டியிருக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். ஆக்சில் கோணலாக நின்றால் பின்சக்கரமே வண்டியைத் திருப்பப் பார்க்கும். முன்னால் எதை மாற்றினாலும் தீராது.

8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) போக வேண்டும். அதற்கு பெயின்ட் அடிக்கிறார்கள், ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஸ்டீரிங் பற்றி 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி இருக்கிறது: ஸ்டீரிங்கில் வெற்று ஆட்டம் (சக்கரம் திரும்பாமல் ஸ்டீரிங் மட்டும் ஆடுவது) 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், பின்கள் கழன்றுவிடாமல் பூட்டியிருக்க வேண்டும். 30 டிகிரி என்பது கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள தூரம். அது சட்டத்தின் எல்லை. அவ்வளவு ஆட்டத்தோடு பைபாஸில் 80-ல் போகிற வண்டியில் நான் ஏற மாட்டேன்.

அவர் வண்டியில் எக்ஸ்ட்ரா பட்டைகளைக் கழற்றினேன், யூ போல்ட்டைப் புதுசாக மாட்டினேன், அலைன்மென்ட்டை அதற்கப்புறம்தான் பண்ணச் சொன்னேன். காலியாகவே பழனி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சந்தோஷம்தான். கழற்றிய பட்டைகளைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன். "நல்ல பட்டைண்ணே, வீட்ல கிடக்கட்டும்" என்று சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டார். முருங்கைக்காய் சீசனில் வண்டி மறுபடி வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.