நீல அட்டை போதாது, எஸ்1 படிவம் வேண்டும்

பையிலிருந்து மருந்துக்கடை ரசீதுகளை எடுத்து மேசையில் வைத்தார் அந்த அம்மா. மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பாதிக்குமேல் நீரிழிவு மாத்திரைகள். "முப்பது வருசம் லண்டனில வேலை செய்தனான் தம்பி. இஞ்ச வந்த பிறகு எல்லாத்துக்கும் கைக்காசுதான்" என்றார். 2019இல் பாரிஸ் புறநகரில் இருக்கும் மகளோடு வந்து சேர்ந்தவர். கையில் இருந்தது நீல நிற ஐரோப்பியச் சுகாதார அட்டை மட்டும்.

அந்த அட்டை வந்துபோகிறவர்களுக்கு. பிரிட்டிஷ் அரச பென்சன் எடுத்துக்கொண்டு பிரான்ஸிலோ ஸ்பெயினிலோ குடியிருப்பவருக்கு வேண்டியது எஸ்1 படிவம். இவருடைய மருத்துவச் செலவுக்குப் பிரிட்டன் பொறுப்பு என்று சொல்லும் தாள் அது. பிரிட்டனின் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். சார்பில் இதைக் கவனிக்கும் பிசினஸ் சர்வீசஸ் ஆதாரிட்டியிடம் விண்ணப்பித்துப் பெறவேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டோடு இந்த உரிமை போய்விட்டது என்று பலர் நம்பிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். போகவில்லை. 2020 டிசம்பர் 31க்குள் வந்து குடியேறியவர்களை விலகல் ஒப்பந்தம் காக்கிறது. அப்புறம் வந்த பென்சன்காரர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் இடம் உண்டு. விசா வேறு விஷயம்.

இந்தப் படிவத்துக்காக என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று: "பிரெஞ்சுப் பென்சன் ஏதும் வருதோ?" பாரிஸில் சில வருடம் வேலை செய்துவிட்டு லண்டன் போனவர்கள் நம்மிடையே உண்டு. பிரெஞ்சுப் பென்சன் மாதாமாதம் சிறு தொகையாக வந்தாலும் சரி, பிரான்ஸில் குடியிருக்கும்வரை பொறுப்பு பிரான்ஸுடையது. அவர்களுக்கு எஸ்1 வராது, நேராக இங்கேயே பதியவேண்டும்.

எஸ்1 வந்ததும் அதை சேபாம் என்ற பிரெஞ்சு அரச மருத்துவக் காப்புறுதி அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். நம்மவர்களுக்கு இழுபடுவது இங்கேதான். இலங்கைப் பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கவேண்டும். அதில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கும், கடவுச்சீட்டில் பின்னால் இருக்கும். அந்த அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தும் மாறியிருந்தது. இதையெல்லாம் வருத்தம் வருமுன் சரிபார்த்து வையுங்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு செய்ய முடியாது.

வித்தால் என்ற பச்சை நிற பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதி அட்டை வந்தாலும் லண்டனைப்போல டாக்டரிடம் சும்மா போய்வர முடியாது. குடும்ப வைத்தியர் 30 யூரோ எடுத்தால் அதில் 70 சதவீதம், 2 யூரோ கழித்துத் திரும்பி வரும். மிச்சத்துக்கு மியூத்துவெல் என்ற துணைக் காப்புறுதி. குடும்ப வைத்தியர் யார் என்று பதியாமல் விட்டால் 70 சதவீதம் என்பது 30 சதவீதம் ஆகிவிடும். நீரிழிவு நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வைத்தியர் விண்ணப்பித்து ஏற்கப்பட்டால் அதற்கான சிகிச்சைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் முழுவதும் கிடைக்கும். கேட்காத வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள்.

எல்லாம் முடிந்த அன்று அந்த அம்மா கேட்டார்: "லண்டனுக்குப் போய் நிக்கேக்க வருத்தம் வந்தா?" பிரிட்டன் கொடுத்த எஸ்1 பதிந்தவருக்கு இங்கிலாந்துக்குப் போயிருக்கும்போது என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிச் சிகிச்சை இலவசம். படிவத்தின் நகல் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரசீதுகளின் ரப்பர் பேண்டைக் கழற்றி அந்த நகலில் மாட்டிக்கொண்டார்.