ஓஏபி வந்துடுச்சுன்னு அசந்துடாதீங்க: முதியோர் பணம் எதனால நிக்குது, நின்னா என்ன பண்றது

போன மாசம் ஒரு பாட்டி பாஸ்புக்கை மஞ்சப்பைல சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. நாலு மாசமா ஓஏபி (அரசு குடுக்குற முதியோர் உதவித்தொகை) பணம் வரல. பேங்க்ல கேட்டா "தாலுகா ஆபீஸ்ல கேளுங்கம்மா"ன்னு அனுப்பிருக்காங்க, அங்க போனா "நாங்க அனுப்பிட்டோம், பேங்க்ல கேளு"ன்னு திருப்பி விட்டுருக்காங்க, இப்படியே ரெண்டு பஸ் மாறி அஞ்சு தடவை அலைஞ்சு முழங்கால் வீங்கிப் போய் வந்து உக்காந்தாங்க. தோண்டிப் பாத்தா விஷயம் இவ்ளோதான்: சரிபார்க்க ஆள் வந்த அன்னைக்கு பாட்டி பேத்தி பிரசவத்துக்கு மக வீட்டுக்குப் போயிருந்தாங்க, பக்கத்து வீட்டுல "ஊர்ல இல்லீங்க"ன்னு சொன்னதை "முகவரியில் வசிக்கவில்லை"ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஒரு நோட்டீஸ் கிடையாது, ஒரு போன் கிடையாது.

ஓஏபி எப்படி அப்ளை பண்றதுன்னு சொல்ல ஏகப்பட்ட வீடியோ இருக்கு. வாங்குற பணம் நிக்காம பாத்துக்கிறது எப்படின்னு யாரும் பெருசா சொல்றதில்ல, அதான் இதை எழுதுறேன்.

பின்னணி சுருக்கமா. தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை 1962-லேயே வந்தது. இப்போ 60 வயசு ஆன, ஆதரவில்லாதவங்களுக்கு. 2023 ஆகஸ்ட்ல 1000 ரூபா 1200 ஆச்சு. மத்திய அரசு திட்டத்துக்குள்ள வர்றவங்களுக்கு அந்தத் தொகைல 200 ரூபா டெல்லி பங்கு, 80 வயசு ஆயிட்டா 500. அந்த 200 பல வருஷமா அப்படியே தான் இருக்கு, விலைவாசி மட்டும் தான் ஏறுச்சு. குடுக்குறது வருவாய்த்துறை. தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குன்னு தனி தாசில்தார் இருப்பாரு, பாக்க வேண்டியது அவர் செக்‌ஷனைத்தான். இது தெரியாம மெயின் தாசில்தார் ரூம் வாசல்ல காலைல இருந்து நின்னுட்டு "இது இங்க இல்லம்மா"ன்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போனவங்க நிறைய பேர்.

முதல் வம்பு "ஆதரவற்றவர்"ங்கற வார்த்தைலயே இருக்கு. மகன் இருக்கானான்னு கேப்பாங்க. இருக்கான்னு சொன்னா முடிஞ்சுது கதை. மகன் வேற ஊர்ல இருக்கான், அஞ்சு பைசா அனுப்புறதில்ல, போன் எடுக்குறதில்ல, இதெல்லாம் அந்த ஃபார்ம்ல எழுத இடமே இல்ல. அதுவும் ரேஷன் கார்டுல மகன் மருமக பேரு சேந்து இருந்துட்டா, அவன் அம்மாவுக்கு சோறு போடுறதா பேப்பர் சொல்லுது, அதிகாரி பேப்பரைத்தான் பாப்பாரு. நிஜமாவே தனியா சமைச்சு சாப்பிடுறவங்களா இருந்தா முதல் வேலையா கார்டைத் தனியா பிரிங்க. ஆனா ஒரே வீட்டுல ஒரே அடுப்புல இருந்துட்டு பணத்துக்காக பிரிக்காதீங்க, கள ஆய்வுல பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா கார்டு, தொகை ரெண்டும் போயிடும். விசாரணைக்கு வர்ற விஏஓ கிட்ட "மகன் இருக்கான், ஆனா பாக்குறதில்ல"ன்னு வாயால சொல்றதோட விடாம ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி தேதி போட்டு குடுங்க, ஒரு காப்பி கையில வெச்சுக்கோங்க. மகன் வசதியா இருந்துட்டு பாக்கலேன்னா அதுக்குத் தனியா 2007-ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கு, கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், மாசம் 10,000 ரூபா வரைக்கும் ஜீவனாம்சம் போட அவருக்கு அதிகாரம் உண்டு.

அடுத்தது சொத்து. அசையா சொத்து மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி. இன்னைக்கு ஒரு லட்சத்துக்கு என்ன நிலம் வரும்னு அதை எழுதினவங்க கிட்டத்தான் கேக்கணும். எறந்து போன புருஷன் பேர்ல பட்டா கிடக்கும், பங்காளி தான் உழுவான், இந்தம்மாவுக்கு ஒரு மூட்டை நெல்லு கூட வராது, ஆனா கணக்குல சொத்து. அது யார் அனுபவத்துல இருக்குன்னு விஏஓ ரிப்போர்ட்ல ஒரு வரி வரணும், அவரா எழுத மாட்டாரு, கேட்டு எழுத வைங்க.

வயசு இன்னொரு கூத்து. ஆதார் எடுத்தப்ப பிறந்த தேதி தெரியாதுன்னு சொன்னவங்களுக்கு ஒரு குத்துமதிப்பு வருஷம் போட்டு ஜனவரி 1-ன்னு பதிஞ்சாங்க. வோட்டர் ஐடில வேற வயசு, ரேஷன் கார்டுல வேற வயசு. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒத்துப் போகலேன்னா மனு போடுறதுக்கு முன்னாடியே சரி பண்ணிக்கோங்க. மனு உள்ள போனதுக்கு அப்புறம் ஆதாரைத் திருத்தினா அது தான் சந்தேகமாகும்.

சரி, பணம் வர ஆரம்பிச்சாச்சு. இனிமே நம்ம பக்கம் சில கடமை இருக்கு, ஆர்டர் குடுக்குறப்ப யாரும் உக்காத்தி வெச்சு சொல்ல மாட்டாங்க, மீறினா மட்டும் கரெக்டா புடிப்பாங்க.

வீடு மாறினா, அதே ஊர்ல அடுத்த தெருவுக்கு மாறினாலும், விஏஓ கிட்ட எழுத்துல குடுத்துடணும். வேற தாலுகான்னா தானா மாறாது, மாத்தல் கேட்டு மனு போடணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் உயிரோட இருக்காங்களா, அங்கேயே இருக்காங்களான்னு சரிபார்ப்பு உண்டு, எந்த நாள்னு சொல்லிட்டு வர மாட்டாங்க. மக வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பத்து நாள் போறதா இருந்தா கிராம உதவியாளர் கிட்டயும் பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டுப் போங்க, "ஊர்ல இல்ல"ன்னு மொட்டையா சொல்லாம "ஆஸ்பத்திரில இருக்காங்க, செவ்வாக்கிழமை வந்துருவாங்க"ன்னு சொல்லச் சொல்லுங்க. சிரிப்பா இருக்கும், ஆனா மேல சொன்ன பாட்டிக்கு நாலு மாசம் போனது அந்த ஒரு வார்த்தையில.

ஒருத்தருக்கு ஒரு உதவித்தொகை தான். விதவைத் தொகை வாங்குறவங்க அது கூட முதியோர் தொகையும் வாங்க முடியாது. விதவைத் தொகை வாங்குறவங்க மறுமணம் பண்ணிக்கிட்டா சொல்லிடணும். மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாயும் அப்படித்தான், அதே ஆள் ஓஏபி வாங்கினா உரிமைத்தொகை கிடையாது. ஆனா இதைப் பாதியா கேட்டுட்டு மாமியாருக்கு ஓஏபி வருது, அதனால எனக்கு வராதுன்னு பேசாம இருந்துட்ட மருமகள்களை நானே பாத்திருக்கேன். 2023-லேயே தளர்த்திட்டாங்க, வீட்டுல ஒருத்தர் முதியோர் தொகை வாங்கினாலும் அதே வீட்டுல தகுதி உள்ள இன்னொரு பொண்ணு உரிமைத்தொகை கேக்கலாம்.

சாவு வீட்டுல பணப்பேச்சு பேசுறது சங்கடம் தான், ஆனா சொல்லாம இருக்க முடியல. ஓஏபி வாங்குறவங்க எறந்துட்டா உடனே தெரிவிக்கணும். பதிவு லேட்டாகி ரெண்டு மூணு மாசம் கணக்குல பணம் விழுந்துட்டே இருக்கும், ஏடிஎம் கார்டு பேரன் கையில இருக்கும், காரியச் செலவுக்குன்னு எடுத்துருவான். அந்தப் பணத்தைப் பின்னால திருப்பிக் கட்டச் சொல்லி வருவாங்க. எறக்கறதுக்கு முன்னாடி விழுந்த பணம் வாரிசுக்கு, அதுக்குப் பின்னாடி விழுந்ததைத் தொடாதீங்க. அதே மாதிரி தாத்தாவோட தொகை பாட்டி பேருக்குத் தானா மாறாது, பாட்டிக்குப் புதுசா மனு போடணும்.

இப்போ பேங்க். நின்னு போச்சுன்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு தாலுகா ஆபீஸ்ல எதுவுமே நிறுத்திருக்க மாட்டாங்க, பணம் பேங்க்ல தான் மாட்டிட்டு இருக்கும். கேஒய்சி கேட்டு மெசேஜ் வந்திருக்கும், அது பழைய நம்பருக்குப் போயிருக்கும், அந்த நம்பர் மருமகன் தொலைச்ச சிம்மா இருக்கும். இல்லேன்னா சுய உதவிக்குழு கடனுக்கு, சிம் கார்டுக்குன்னு எங்கயோ கை வெச்சதுல புதுசா ஒரு கணக்கு ஓப்பன் ஆகி அதுல ஆதார் இணைஞ்சிருக்கும். ஆதார் வழியா அனுப்புற பணம் கடைசியா எந்தக் கணக்குல இணைச்சீங்களோ அங்க தான் போகும், பாஸ்புக்கை நூறு தடவை பிரிண்ட் போட்டாலும் பழைய கணக்குல வராது. எந்த பேங்க்ல இணைஞ்சிருக்குன்னு மைஆதார் வெப்சைட்ல ஓடிபி போட்டு ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம். தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

"ரெண்டு வருஷமா கணக்கை இயக்கல, டெட் ஆயிடுச்சு, சார்ஜ் கட்டுங்க"ன்னு சொன்னா கட்டாதீங்க. 2024 ஏப்ரல் 1-ல இருந்து ரிசர்வ் வங்கி விதி, செயல்படாத கணக்கைத் திரும்ப ஆன் பண்ண காசு வாங்கக்கூடாது, அதுக்கு மினிமம் பேலன்ஸ் அபராதமும் போடக்கூடாது. 2023 செப்டம்பர்ல உரிமைத்தொகை முதல் தடவை விழுந்தப்ப சில பேங்குகள்ல மினிமம் பேலன்ஸ், பழைய பாக்கின்னு புடிச்சுக்கிட்டாங்க, அப்போ நிதியமைச்சரா இருந்த தங்கம் தென்னரசு அப்படிப் புடிக்கக்கூடாது, 1100-க்கு (முதலமைச்சர் உதவி எண்) புகார் பண்ணுங்கன்னு சொல்ல வேண்டி வந்தது. உங்களுக்கு அப்படிப் புடிச்சா மேனேஜருக்கு எழுத்துல குடுங்க, 30 நாள்ல பதில் இல்லேன்னா ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிறவர்) கிட்ட போகலாம், 14448-க்கு கூப்பிட்டா எப்படின்னு சொல்லுவாங்க, செலவு கிடையாது.

பேங்க் ஏஜென்ட் கிட்ட கைநாட்டு வெச்சு பணம் எடுக்குற இடத்துல இன்னும் உஷாரா இருங்க. காலம்பூரா நாத்து நட்ட விரல்ல ரேகை எங்க இருக்கும்? "பதியல, இன்னொரு தடவை வைங்க, சர்வர் டவுன்"ம்பாங்க. முதல் தடவையே பணம் போயிருக்கலாம். ரெண்டாவது தடவை விரல் வைக்கறதுக்கு முன்னாடி பேலன்ஸ் கேளுங்க, துண்டுச்சீட்டு கேளுங்க. 1200-க்கு 1150 குடுத்துட்டு "கமிஷன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க, அவருக்குக் கமிஷன் பேங்க் குடுக்குது.

நிஜமாவே ஆபீஸ்ல நிறுத்திட்டாங்கன்னா, வாய்ப்பேச்சுக்கு மதிப்பே இல்ல. "அடுத்த மாசம் வந்துரும் போங்க"ன்னு சொல்ற ஆளே அடுத்த மாசம் டிரான்ஸ்பர்ல போயிருப்பாரு. முதல்ல பாஸ்புக்கைக் கடைசி தேதி வரைக்கும் பிரிண்ட் போடுங்க, பணம் வரலங்கறதுக்கு அது தான் சாட்சி. அந்தக் காப்பி, ஆதார், ரேஷன் கார்டு, பழைய ஆர்டர் காப்பி வெச்சு தனி தாசில்தாருக்கு மனு குடுத்து உங்க காப்பில சீல் வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா பேசிட்டு நிக்காதீங்க, போய்ச் சேந்ததுக்கு ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடுங்க. அடுத்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், அங்க மனுவுக்கு நம்பர் குடுப்பாங்க, அதைப் பத்திரமா வைங்க.

இதோடயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாள்ல பதில் தரணும். வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறதுக்கு ஆதாரம் வெச்சா அந்த 10 ரூபாயும் வேணாம். "ஏன் நிறுத்தினீங்க"ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு தட்டிக் கழிப்பாங்க. எந்த ஆணைப்படி, எந்த தேதியில நிறுத்தப்பட்டது, அந்த ஆணை நகல், விசாரணை அறிக்கை நகல், நிறுத்துறதுக்கு முன்னாடி அனுப்பின நோட்டீஸ் நகல், இப்படிப் பேப்பரா கேளுங்க. அந்தக் கடைசி நகல் நிறைய ஆபீஸ்ல இருக்காது, அதனாலதான் கேக்கணும்.

நடுவுல ஒருத்தர் வந்து "மூவாயிரம் குடுங்க, நான் பாத்துக்கறேன்"ம்பாரு. பாதிக்கு மேல அவர் பண்றது ஆன்லைன்ல புதுசா ஒரு மனு போடுறது தான், அப்படிப் போட்டா பழைய ஆர்டர் செத்துடும், நின்ன மாசத்துப் பாக்கியைக் கேக்கவும் வழியில்லாமப் போகும். பழையதைத் திரும்ப வழங்கச் சொல்லித்தான் கேக்கணும், புதுசு வேணாம்.

அந்தப் பாட்டிக்கு ஆர்டிஐ பதில் 26-வது நாள் வந்தது. விசாரணை அறிக்கை நகல் ஒரே பக்கம், நோட்டீஸ்ங்கற இடத்துல "இல்லை"ன்னு எழுதி கையெழுத்து. அதைக் காட்டினதும் இந்த மாசத்துல இருந்து பணம் விழுந்துடுச்சு. நின்ன மாசத்துப் பாக்கி 4800 ரூபா பத்திக் கேட்டா "மேல கேட்டுச் சொல்றோம்"னாங்க. வர்ற திங்கட்கிழமை பாட்டியும் நானும் கலெக்டர் ஆபீஸ் போறோம், மஞ்சப்பைல இப்போ பாஸ்புக் கூட அந்த ஒரு பக்கமும் இருக்கு.