அமெரிக்கால டிப்போர்ட்டேஷன் கேஸ் வந்துட்டா வக்கீலுக்கு என்ன வழி

கிரிமினல் கேஸ்ல காசில்லாதவங்களுக்கு கோர்ட்டே வக்கீல் குடுக்குதுல்ல, அதே மாதிரி இமிக்ரேஷன் கோர்ட்லயும் குடுப்பாங்கன்னு நம்பி நிறைய பேர் ஹியரிங் வரைக்கும் சும்மா இருந்துடுறாங்க. குடுக்க மாட்டாங்க. அமெரிக்கால டிப்போர்ட்டேஷன் கேஸ் சிவில் கேஸ் கணக்குல தான் வரும், அதனால வக்கீல் வச்சுக்குற உரிமை உங்களுக்கு உண்டு ஆனா கவர்மென்ட் செலவுல கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதிருக்கு. எதிர்ப்பக்கம் ஐசிஇ (இமிக்ரேஷன் சட்டத்த அமல்படுத்துற அரசு அமைப்பு) சார்பா வாதாட கவர்மென்ட் வக்கீல் இருப்பாரு, இந்தப்பக்கம் சின்ன குழந்தையா இருந்தாலும் வக்கீல் அமையலன்னா தனியா தான் நிக்கணும், இது எனக்கு மனசே ஆறாத விஷயம். 2007ல இருந்து 2012 வரைக்கும் முடிஞ்ச கேஸ்கள வச்சு பண்ண ஒரு ஆய்வுல 37 சதவீதம் பேருக்கு தான் வக்கீல் இருந்துருக்கு, டிடென்ஷன்ல அடைச்சு வச்சவங்கள்ல வெறும் 14 சதவீதம்.

அப்போ எங்க தேடுறது? கோர்ட்லயே இலவசமா உதவி பண்ற அமைப்புகள், வக்கீல்களோட லிஸ்ட் குடுப்பாங்க, ஆன்லைன்லயும் ஸ்டேட் வாரியா இருக்கு. ஒரு இடத்துல ஆள் இல்லன்னு சொன்னா விட்டுடாதீங்க, எல்லா நம்பருக்கும் போன் போடுங்க, அவங்ககிட்ட கேஸ் குவிஞ்சு கிடக்கும். லா காலேஜ் கிளினிக்லயும், அதாவது சட்ட மாணவர்கள் மேற்பார்வையோட கேஸ் பாக்குற இடத்துலயும், கேக்கலாம். வக்கீலா இல்லாட்டியும் அமெரிக்க அரசோட நீதித்துறை (டிஓஜே) அங்கீகாரம் குடுத்த ரெப்ரசன்டேட்டிவ்னு லாப நோக்கமில்லாத அமைப்புகள்ல இருப்பாங்க, அதுல முழு அங்கீகாரம் இருக்கவங்க கோர்ட்லயே உங்களுக்காக பேசலாம். நியூயார்க் சிட்டில 2013ல இருந்து டிடென்ஷன்ல இருக்குற வசதியில்லாதவங்களுக்கு சிட்டி காசுல வக்கீல் வைக்குற திட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் வேற சில ஊர்லயும் இந்த மாதிரி ஆரம்பிச்சாங்க, உங்க ஊர்ல இருக்கான்னு அவசியம் விசாரிங்க.

முதல் ஹியரிங்ல, அத மாஸ்டர் ஹியரிங்னு சொல்வாங்க, வக்கீல் இல்லாம போனா வக்கீல் தேட டைம் வேணும்னு ஜட்ஜ்கிட்ட வாய் விட்டு கேளுங்க, கேஸ் போட்டு உங்களுக்கு வந்த நோட்டீஸ்ல உங்க மேல சொல்லிருக்கறதெல்லாம் உண்மைன்னு அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க. இங்கிலீஷ் சரியா வராதுன்னா தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, ஹியரிங்ல அதுக்கு நீங்க காசு கட்ட வேண்டாம். ஆனா நீங்க குடுக்குற தமிழ் டாக்குமென்ட்ட இங்கிலீஷ்ல மாத்தி, மொழிபெயர்த்தவரோட சர்டிபிகேட்டோட குடுக்குறது உங்க பொறுப்பு.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். வக்கீல் கிடைக்கலன்னு பயந்து கோர்ட்டுக்கு போகாம மட்டும் இருக்காதீங்க. நீங்க வரலன்னா நீங்க இல்லாமலே ஜட்ஜ் வெளியேத்துற ஆர்டர் போட்டுடலாம். ஆஸ்பத்திரில இருந்தேன் மாதிரி பெரிய காரணம் இருந்தா 180 நாளுக்குள்ள கேஸ திரும்ப திறக்க சொல்லி கேக்கலாம், நோட்டீஸே முறையா வரலன்னா எப்ப வேணா கேக்கலாம், ஆனா வீடு மாறி அட்ரஸ் சொல்லாம விட்டுட்டு நோட்டீஸ் வரலன்னு சொன்னா எடுபடாது. வீடு மாறுன 5 நாளுக்குள்ள அட்ரஸ் மாத்துற இஓஐஆர் 33 ஃபார்ம் கோர்ட்டுக்கு போகணும். நோட்டீஸ்ல ஏ நம்பர்னு இமிக்ரேஷன்ல உங்களுக்கு குடுத்த அடையாள நம்பர் ஒண்ணு இருக்கும், அத வச்சு 1-800-898-7180க்கு போன் பண்ணா அடுத்த ஹியரிங் தேதி சொல்லும், தேதி மாறிட்டே இருக்கும்றதால அடிக்கடி பாருங்க.

பொய் ஏஜென்ட்டுங்க விஷயத்துல ஜாக்கிரதை. நோட்டரி, கன்சல்டன்ட், நம்ம ஊர்க்காரர் தான்னு வந்து கோர்ட் கேஸ் பாத்து தரேன்னு காசு வாங்குறவங்க இருக்காங்க, இவங்க யாரும் உங்களுக்காக கோர்ட்ல நிக்க முடியாது. வக்கீல்னு சொன்னா லைசென்ஸ் இருக்கான்னு ஸ்டேட் பார் (அந்த மாநில வக்கீல் அமைப்பு) சைட்ல பாருங்க. வெத்து பேப்பர்ல சைன் போடாதீங்க, அசைலம் (அடைக்கலம் கேக்குற) ஃபார்ம்ல என்ன எழுதிருக்குன்னு தமிழ்ல வாசிச்சு காட்ட சொல்லுங்க, ஏன்னா தெரிஞ்சே பொய்க்கதை குடுத்தீங்கன்னு ஜட்ஜ் முடிவு பண்ணா அப்புறம் எந்த இமிக்ரேஷன் சலுகையும் கிடைக்காம நிரந்தர தடை வரலாம்.

கேஸ் தோத்துட்டா அப்பீல் இருக்கு, கெடு ரொம்ப கம்மி, அதனால தீர்ப்பு சொன்ன அன்னைக்கே கடைசி தேதி என்னன்னு ஜட்ஜ்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

வீட்ல ஒருத்தர புடிச்சு உள்ள வச்சுட்டாங்கன்னா ஐசிஇ சைட்ல ஏ நம்பரும் பிறந்த நாடும் போட்டா எந்த சென்டர்ல இருக்காருன்னு தேடலாம், அதனால அந்த நம்பர் வீட்ல இன்னொருத்தர்கிட்டயும் இருக்கட்டும், ஆள் எங்கன்னு தெரிஞ்சா தான் அந்த ஏரியா லிஸ்ட்ல வக்கீல் புடிக்க முடியும்.