சாவுக்குப் பயப்படுகிறவருக்கு என்ன ஆபத்து?

“ஏதாவது ஆயிடுமோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சு உட்கார்ந்திருப்பாரு மேடம். சாவுன்னா அவ்வளவு பயம். இவரா அப்படி ஏதாவது செஞ்சுக்கப் போறாரு?”

பெங்களூரு அல்சூரில், என் அறையில் ஒரு மனைவி கேட்டது. மனநல மருத்துவராக இதே பேச்சைப் பல குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். மனத்தைத் தேற்றிக்கொள்ளத்தான் சொல்கிறார்கள். ஆனால் சாவுக்குப் பயப்படுகிறவர் தற்கொலைக்குப் போக மாட்டார் என்ற அந்த நம்பிக்கை ஆபத்தானது.

கணவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்று மாதத்தில் நான்கு முறை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும். தெரிந்த கன்னடத்தில் ‘எதெ நோவு’ (நெஞ்சு வலி) என்பார். ஈசிஜி எடுப்பார்கள், நார்மல் என்று வரும். “ஒண்ணுமில்ல, டென்ஷன்” என்று அனுப்பிவிடுவார்கள். இதயத்தைப் பார்த்தது சரிதான், நெஞ்சுவலியை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அந்த ‘ஒண்ணுமில்ல’ அவர் காதில் விழுந்தது வேறு மாதிரி: தன் அவஸ்தைக்குப் பெயரும் இல்லை, வைத்தியமும் இல்லை.

மனைவியைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன். “இப்படிக் கஷ்டப்படுறதுக்குச் செத்துடலாம்னு எப்பவாவது தோணிருக்கா?”

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தோணும் மேடம். சாகணும்னு இல்ல. இது நிக்கணும். அவ்வளவுதான்.”

அவருக்கு வந்தது பீதித் தாக்குதல், அதாவது ‘பேனிக் அட்டாக்’. அது பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் மெல்லத் தணிந்துவிடும். அடுத்தது எப்போது வருமோ என்ற காத்திருப்புதான் நாள் முழுக்க நீள்கிறது. ஆளை அரிப்பது அதுதான். சாவைப் பற்றிய பயமும் சாக வேண்டும் என்ற நினைப்பும் ஒரே ஆளுக்குள், ஒரே இரவில் இருக்க முடியும்.

நெதர்லாந்தில் 7,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வு போன்ற பிற நோய்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பதற்றக் கோளாறு (இப்படிப்பட்ட பீதியும் தீராத பயமும் அடங்கிய மனநோய்) தற்கொலை எண்ணத்தையும் முயற்சியையும் கூட்டுகிறது என்று காட்டியது. மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் அதிகம். பதற்றக் கோளாறு உள்ள பெரும்பாலானோர் அந்த முயற்சிக்குப் போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைப் படித்து யாருக்கும் புதிதாக ஒரு பயம் வரக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது தூக்கம் கெடும்போது. பல நாள் தூங்காத பதற்றக்காரர் நிலைகொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தால், அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தூங்குவதற்காகக் குடிப்பவர்கள் உண்டு. இரவு தணிந்தது போலிருக்கும், விடிந்தால் படபடப்பு இன்னும் கூடிவரும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் தூக்க மாத்திரையும் நாளடைவில் பழக்கமாகிவிடும்.

அவர் சம்மதத்தோடு மனைவியை உள்ளே அழைத்தேன். “என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார். “நீ பயந்துடுவியேன்னுதான்.”

இவர் பயந்து சொல்லவில்லை, அவர் பயந்து கேட்கவில்லை. கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டது போலாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். “ஆமாம்” என்று பதில் வந்தால் அதட்டாதீர்கள், குழந்தைகளைக் காட்டிக் குற்றவுணர்வு ஏற்றாதீர்கள். தனியே விடாமல் கூட இருங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

பதற்றக் கோளாறு குணப்படுத்தக்கூடியது. பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் படபடப்பு கூடுவது போலவும் தோன்றலாம், இளவயதினரை அப்போது இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இதைச் சொல்லியனுப்ப வேண்டியது எங்கள் கடமை. நாங்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

இன்றிரவே அந்த நினைப்பு வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசு நடத்தும் தொலைபேசி மனநல உதவிச் சேவை. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அதன் தலைமை மையம். காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112.